மினி பஸ் ஏன் நிற்பதில்லை?

பள்ளிக்கூடப் பத்திரிகைக்குச் செய்தி கிடைப்பது சுலபம். அதைப் போட்டுவிட்டு மறுநாள் அதே பள்ளிக்கூடத்துக்கு வருவதுதான் கஷ்டம்.

நான் கணக்கு ஆசிரியன். குன்னம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. மாதம் ஒருமுறை நாலு பக்கம் கையால் எழுதி, பெரம்பலூரில் ஜெராக்ஸ் போட்டு, வகுப்புக்கு வகுப்பு கொடுக்கும் பத்திரிகையைத் தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். ஸ்டாஃப் ரூமில் கொஞ்சம் சும்மா உட்கார்ந்தால் என்னவெல்லாம் தலையில் விழும் என்று சக ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தி எழுதுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நிருபர்களாக வந்த ஒன்பதாம் வகுப்பு இலக்கியாவுக்கும் தினேஷுக்கும்கூடத் தெரியாது. சேர்ந்தேதான் கற்றுக்கொண்டோம், அவர்கள் என்னைவிட வேகமாக.

முன்னுரையோடு வந்த செய்தி

இலக்கியா கொண்டுவந்த முதல் செய்தி மினி பஸ் பற்றியது. கொஞ்ச நாளாகச் சாயங்காலத்தில் அது பள்ளி வாசலில் நிற்காமல் போய்விடுகிறது. இலக்கியாவின் பக்கத்தில் உட்காரும் சங்கீதா, மக்காச்சோளக் காட்டு வழியே நடந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். வயசுப் பெண் தனியாக வருவதைப் பார்த்துப் பயந்துபோன அவளுடைய அப்பா, அரையாண்டுப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.

ஆனால் இலக்கியாவின் தாளில் முன்னுரை, பேருந்தின் பயன்கள், பேருந்தும் மாணவரும், முடிவுரை என்று தலைப்புகள் வரிசையாக இருந்தன. முடிவுரைக்குக் கொஞ்சம் மேலே சங்கீதா ஒரே வரியில் இருந்தாள். கஷ்டப்படுகிறவளை முதலில் போடலாமே என்றேன். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து மாற்றினாள். ‘சங்கீதா தினமும் இருட்டில் வீட்டுக்குப் போகிறாள்’ என்று ஆரம்பித்தது புதுச் செய்தி. படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு நன்றாக எழுதுகிறவள் முதலில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“முன்னுரை இல்லன்னா மார்க்கக் கொறச்சிருவாங்கல்ல சார், அதான்.”

டீக்கடைப் பேட்டி

புதுச் செய்தியில் டிரைவருக்கு நல்ல திட்டு விழுந்திருந்தது. ‘ஈவு இரக்கமற்றவர்’ என்றெல்லாம் எழுதியிருந்தாள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தினேஷ்தான், அவரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றான். சனிக்கிழமை குன்னம் டீக்கடைக்குப் போனோம். டிரைவர் வடை தின்றுகொண்டிருந்தார். நான் கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன், இலக்கியா நேரே போய், “ஏங்க எங்க ஸ்கூல்ல நிக்க மாட்டேங்கறீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

அவர் வடையை வைத்துவிட்டு எங்களை பஸ்ஸிடம் கூட்டிப்போனார். படிக்குப் பக்கத்தில் தகரம் முழுக்க ஒடுங்கியிருந்தது. எங்கள் பையன்கள் படியில் தொங்கிக்கொண்டு போட்ட தாளம். ஒருத்தன் விழுந்து செத்தால் ஜெயிலுக்குப் போவது யார் என்று அவர் கேட்டார். இலக்கியா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

“போட்டா முழுசா போடு பாப்பா. பாதிய மட்டும் போட்டீன்னா நான் வில்லனாயிருவேன்.”

பேட்டி கொடுத்த நிருபர்

திரும்பி வரும் வழியில் தினேஷ் நடுரோட்டிலேயே நடந்தான். வெங்காய மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தும் அவன் ஒதுங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் சொன்னான்: அந்தத் தாளத்தில் முக்கால்வாசி அவனுடையது. சங்கீதா நடந்து போவதற்கும் தன் கைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லையாம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் இலக்கியா புதுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“அப்ப நீ இப்ப நிருபர் இல்ல, பேட்டி குடுக்குற ஆளு. சொல்லு, எழுதிக்கிறேன்.”

தலைமையாசிரியர் அறை

‘மினி பஸ் ஏன் நிற்பதில்லை?’ என்ற தலைப்பில், தினேஷ் சம்மதித்து அவன் பெயரோடு செய்தி தயாரானது. தலைமையாசிரியர் படித்துவிட்டு, பஸ் நிற்காததை மட்டும் போடுங்கள், தாளம் வேண்டாம், பள்ளி மானம் போய்விடும் என்றார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இலக்கியா மட்டும், “பாதியப் போட்டா டிரைவர் இன்னும் கோவப்படுவாருங்க சார். பஸ் நிக்காது. சங்கீதா நின்னுருவா” என்றாள்.

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். நான் எனக்கு வரப்போகும் மெமோவை நினைத்துக்கொண்டேன். கடைசியில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“எதாவது பிரச்னை வந்தா யாருன்னு தெரியணும், பொறுப்பாசிரியர் பேர மட்டும் நல்லா பெருசா போட்டுருங்க.”

வாசலில் நின்றது

பத்திரிகை வந்த அன்று பையன்கள் தினேஷைக் காட்டிக்கொடுத்தவன் என்று திட்டித் தீர்த்தார்கள். அவன் ஒரு பிரதியை டிரைவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் வரும் நேரத்தில் பையன்களுக்கு முன்னால், இரண்டு கையாலும் பையை அணைத்தபடி நின்றான். பஸ் வேகம் குறைந்தது, எங்களைத் தாண்டியது, கொஞ்சம் தள்ளி நின்றது. சங்கீதா ஓடிப்போய் ஏறினாள். அவளுக்குப் பின்னால் பையன்கள் படியில் தொங்காமல் உள்ளே போனார்கள். அந்தத் தகரத்தில் அன்று ஒரு விரல்கூடப் படவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில் நான் வருகைப் பதிவைக்கூட எடுக்காமல் ஒன்பதாம் வகுப்பு வாசலுக்குத்தான் முதலில் போனேன். சங்கீதா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இலக்கியா வேலையில் இருந்தாள். பஸ் இப்போது எப்படி இருக்கிறது, பத்திரிகைக்கு இரண்டு வரி சொல் என்று சங்கீதாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நிக்குது. ஆனா உக்கார எடமே கெடைக்கல, அதையும் எழுது.”

இத்தனை அவஸ்தைக்குப் பிறகும், வரும் வருஷம் பத்திரிகையை வேறு யாருக்காவது மாற்றிவிடட்டுமா என்று தலைமையாசிரியர் கருணையோடு கேட்டபோது, காது கேட்காத மனுஷன் மாதிரி வகுப்புக்கு நடையைக் கட்டிவிட்டேன்.