அம்மாளின் பேரில் ஒரு கையெழுத்து

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் இளம் தாய் ஒருத்தி, ஒரு மார்ச் மாதக் காலையில் என் கதவைத் தட்டி, கிண்டர்கார்டனுக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டாள். மூன்று வயதை நெருங்கும் மகனுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. சின்னமுத்து என்னும் தட்டம்மைக்குத் தடுப்பூசி போட்ட சான்று மட்டும் இல்லை. அது இல்லாவிடில் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். பிள்ளையை விட்டுச்செல்ல இடமில்லையென்றால், ஓகஸ்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் தொடங்கவிருந்த அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியும் கைநழுவும். அந்தப் பயிற்சி இடத்துக்காக அவள் இரண்டு ஆண்டுகள் மொழி வகுப்புக்குப் போனவள்.

ஊசியை அவள் மறந்துவிட்டவள் அல்லள், மறுத்தவள். ஒரு வயதில் போட வேண்டியது சளிக்காய்ச்சலால் தள்ளிப்போயிற்று. சில மாதங்களின் பின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பெங்கும் செம்புள்ளிகள் எழுந்தன. அம்மாள் வந்துவிட்டாள் என்று வீட்டார் அடங்கி இருந்தனர். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கவில்லை; வெளியார் யாரும் வாசல் தாண்டி வரவில்லை; கணவன் தமிழ்க்கடையில் வேப்பிலை வாங்கிவந்து தொட்டிலில் பரப்பினான். வைத்தியரை அழைக்கவே இல்லை; அதன் பின் ஊசியே வேண்டாம் என்றுவிட்டாள். நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தவள். எங்கள் வீட்டிலும் அம்மை கண்டால் வேப்பிலை செருகுவார்கள். அது எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று ஒருவரும் ஆராய்ந்ததில்லை. எனவே அவளுடைய மறுப்பு எனக்கு விநோதமாகத் தோன்றவில்லை. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறியவே ஆவலாயிருந்தது.

கிண்டர்கார்டன் தலைவி அன்பாகத்தான் பேசினாள். வைத்தியக் காரணம் இருந்தால் சான்றிதழ் கொண்டுவரலாம்; சமயக் காரணத்துக்கென்று இந்நாட்டுச் சட்டத்தில் விலக்கு இல்லை என்றாள். நான் மொழிபெயர்த்ததும் கீழ்வீட்டுக்காரி நம்பவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தமக்கை ஒரு கடதாசியில் சத்தியம் செய்து கொடுத்தே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாளாம். அங்கே செல்லும் சாமி இங்கே செல்லாதா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். கோயிற் குருக்களின் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால் தலைவி மறுக்கமாட்டாள் என்பது அவளுடைய முடிவு.

பக்கத்து நகரான கெல்சென்கிர்ச்சனில் பழைய பண்டகசாலையொன்றில் இயங்கும் சிறு அம்மன் கோயிலுக்கு அந்த வெள்ளிக்கிழமை போனோம். பூசை முடிந்து பிரசாதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த குருக்கள், அவள் சொன்னதை முழுதும் கேட்டார்.

“பிள்ளை, ஊசி போடவேண்டாம் எண்டு அம்மாள் எனக்குச் சொல்லேல்லை. அவ சொல்லாததுக்கு அவவின்ரை பேரிலை நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது? நானே இந்தியா போகேக்கை ரண்டு ஊசி போட்டுக்கொண்டுதான் போனனான். வந்து பூசை செய்யிறன். அவ கோவிக்கேல்லை.”

“உங்களிட்டை அவ வரேல்லை, ஐயா. என்ரை பிள்ளையிட்டை வந்தவ. வந்தவவை இனி வராதேங்கோ எண்டு நான் கதவடைக்கிறதோ?”

குருக்கள் அவளுக்குத் திருநீறும் பிரசாதமும் கொடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை. திரும்பும் ரயிலில் அவளுடைய வாதத்தை எனக்குள் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஊசியில் என்ன கலந்திருக்கிறது என்ற அச்சம் அதில் இல்லை. அரசின் மீது ஐயமும் இல்லை. வீட்டுக்கு வந்து தங்கிப் போன ஒருவருக்குச் செய்யும் அவமரியாதை என்ற கூச்சமே இருந்தது. ‘சமய விலக்கு’ என்ற சட்டச் சொல்லைக் கொண்டு இதைத் தலைவிக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீடு வந்து, தலைவி தந்த அறிவித்தலை நிதானமாக வாசித்தபோதுதான், நோய் ஏற்கெனவே வந்துபோனவர்களுக்கு ஊசி தேவையில்லை, இரத்தப் பரிசோதனை அதை உறுதிப்படுத்தினால் போதும் என்று ஒரு வரி கண்ணிற் பட்டது. படியிறங்கிப் போய்ச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அம்மாள் வந்ததைச் சட்டமே கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே குழந்தை வைத்தியரைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், எடுத்தாள். இரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது அவள் சிறிதும் தயங்காமல் மகனின் கையைப் பிடித்துக் கொடுத்ததை வியப்போடு பார்த்தேன்.

முடிவு அறிய மீண்டும் போனோம். வைத்தியர் திரையைப் பார்த்துவிட்டு, தட்டம்மை வந்ததற்கான எந்த அடையாளமும் இரத்தத்தில் இல்லை என்றார். அதைத் தமிழிற் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் மகனின் தலைமயிரைக் கோதினாள்.

“அப்ப வந்தது ஆர், அக்கா?”

கேள்வியை அப்படியே வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாள் நின்றது, புள்ளிகள் காய்ச்சலோடு எழுந்தனவா, அது விட்ட பிறகா என்று விசாரித்தார். விட்ட பிறகு என்றாள் அவள். அப்படியானால் அது இங்கே ‘மூன்று நாட் காய்ச்சல்’ என்று சொல்லப்படும் குழந்தை நோயாக இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார்.

“மூண்டு நாளோ?” என்றாள் அவள். உதட்டின் ஓரத்தில் சிரிப்பு வந்தது. “மூண்டு நாளிலை வெளிக்கிடுறது அம்மாள் இல்லை. அவ வந்தா ஆறுதலா இருந்து, தண்ணி வார்த்த பிறகுதான் போவா. அப்ப அவ வரேல்லை. போடச் சொல்லுங்கோ, அக்கா.”

முதல் ஊசி அன்றே போடப்பட்டது. நான்கு வாரம் கழித்து இரண்டாவதும். சான்றைப் பார்த்த தலைவி, பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். ஓகஸ்டில் மகனை அங்கே விட்டுவிட்டு, அவள் கண்ணாடிக் கடைக்குப் போகத் தொடங்கினாள்.

அந்நாட்களில் ஒரு மாலை, படிக்கட்டில் நின்று தமக்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். தான் கொடுத்ததுபோல ஒரு சத்தியக் கடதாசி இங்கே ஏன் எடுபடவில்லை என்று தமக்கை கேட்டிருக்க வேண்டும். “இஞ்சை நான் என்னத்தை நம்புறன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மாள் வந்தவவோ எண்டுதான் பாத்தவை,” என்றாள். குறைகூறும் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை. பிறகு, நாளை காலை முதல் டிராமைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.