கூடப் போகிறவர்

“இப்ப நான்தான் டொக்டர். சொல்லுங்கோ, எங்கை நோகுது?”

பாரிஸின் லா சப்பல் பகுதியில், ஒரு தேநீர்க்கடையின் மூலை மேசையில் இருந்த கிரிகோரி, வடைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நுனிவரை இறக்கி அதற்கு மேலால் பார்த்தார். டாக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பது அவருடைய முடிவு. எதிரே இருந்த புஸ்பராணி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வயது ஐம்பத்தேழு. குடியிருப்பது புறநகரான எபினேயில்; அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற வேலை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில், பிரஷர் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டொக்டர்.”

“பிழை. திரும்பச் சொல்லுங்கோ.”

“கொஞ்சம் களைப்பு.”

“களைப்பு எனக்கும்தான் இருக்கு. பேந்து?”

புஸ்பராணி சுற்றுமுற்றும் பார்த்தார். கடைக்காரர் தேநீர் ஆற்றுவதில் மும்முரமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். “படி ஏறேக்கை நெஞ்சிலை ஆரோ குந்தியிருக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை. தோளுக்கும் இழுக்குது.”

“எத்தினை நாளா?”

“மூண்டு கிழமை.”

“அப்பிடியே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாதேங்கோ.”

“சொல்லுறன்.”

“சத்தியமா?”

“பிள்ளையாராணை.”

கிரிகோரி நம்பவில்லை. தேநீர்க்கடையில் சொன்ன வருத்தத்தை ஆஸ்பத்திரியிலும் சொன்ன தமிழர்களில் அவர் இதுவரை கண்டது இரண்டே இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் காய்ச்சலில் பிதற்றல்.

கூடப் போவோர் சங்கம் என்பது ஒரு சேலைக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறை. ஒரு போட்டோகொப்பி மெஷின், பன்னிரண்டு கதிரைகள், பதினான்கு தொண்டர்கள். பிரெஞ்சு தெரியாதவர்களோடு பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போவார்கள். அவர்கள் சொல்வதை மொழிபெயர்ப்பார்கள். கூடவே திரும்பி வருவார்கள். கூலி கிடையாது. இதில் ஆஸ்பத்திரி கிரிகோரியின் பங்கு. மற்றவர்களுக்கு அந்த வாடை ஒத்துவரவில்லை. இருபத்தெட்டு வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் நின்றவருக்கு வாடை ஒரு பொருட்டே இல்லை.

அவருடைய பிரெஞ்சும் அந்தச் சமையலறையில் கற்றதுதான். தட்டுக் கழுவத் தொடங்கி இறைச்சி வெட்டுகிறவராக உயர்ந்தவர் ஆகையால், மனித உடம்பின் பாகங்கள் அவர் வாயில் இறைச்சித் துண்டுகளின் பெயரோடு வரும். கெண்டைக்காலுக்கு ‘ஜாரே’. விலாவுக்கு ‘அந்த்ரகோத்’. ஒரு பெரியவருக்கு அந்த்ரகோத்தில் வலி என்று அவர் முதல் தடவை சொன்னபோது, மிளகு போட்டா போடாமலா என்று டாக்டர் கேட்டாராம். சமையலறைத் தலைவரைக் கூப்பிட்ட பழக்கத்தில், டாக்டர்கள் எல்லோரும் அவருக்கு ‘செஃப்’. என்ன சொன்னாலும் “உய், செஃப்!”, அதாவது ‘ஆம், செஃப்!’ நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளும்போது, கொதிக்கிற சட்டியோடு வருகிற சமையல்காரர் போடும் கூச்சலையே போடுவார்: “ஷோ தெவான்!” சூடு வருகிறது, விலகு என்று அர்த்தம். தாதிமார் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார்கள். ஒருநாள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரும் ஒட்டி நின்றார்.

கையில் எப்போதும் ஒரு மளிகைக்கடைப் பை. நோயாளியின் கடதாசிகள், இஞ்சி பிஸ்கட், கழுவி மடித்த ஒரு சோடிக் காலுறை. காலுறையில் ஓட்டை என்பதற்காகச் சப்பாத்தைக் கழற்ற மறுத்து, டாக்டர் பார்க்காத காலோடு வீடு திரும்பிய ஒரு மனிதருக்குப் பிறகு அந்தச் சோடி பைக்குள் நிரந்தரமாகக் குடியேறியது.

“எங்கடை சனத்துக்கு வருத்தம் வந்தா முதல் வேலை அலுமாரியைத் திறக்கிறது” என்பார் கிரிகோரி. “பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, நாலு சோடிக் காப்பும் போட்டுக்கொண்டு போய்க் குந்தினா, அவன் என்னெண்டு நம்புவான்? கலியாண வீட்டுக்குப் போற வழியிலை எட்டிப் பாக்க வந்திருக்கினம் எண்டெல்லோ நினைப்பான்?” சேலையைக்கூடச் சமாளிக்கலாம். மரியாதையைத்தான் சமாளிக்க முடியாது. டாக்டர் மெனக்கெட்டு மருந்து தந்திருக்கிறார்; இன்னும் நோகிறது என்று சொன்னால் அந்த மனிதரின் மனம் என்ன பாடுபடும்?

ஆகவே கிரிகோரிக்கென்று ஒரு வழி இருந்தது. நோயாளி “ஒண்டுமில்லை” என்பார். கிரிகோரி நாலு நிமிடம் பிரெஞ்சு பேசுவார். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் இழுக்கிறது, சோறு இறங்குகிறதா, மகள் திட்டியும் ஏன் இரண்டு மாதமாக வரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். தமிழ் இவ்வளவு சுருக்கமான மொழியா என்று ஒரு பெண் டாக்டர் வியந்து கேட்டிருக்கிறார். “உய், செஃப். மிகவும் சிக்கனமான மொழி” என்று இவர் தலையாட்டியிருக்கிறார்.

நாலு நிமிடம் பேசுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போனதுதான் வினை. போன மாரியில் தில்லைநாயகி என்ற அம்மாவின் காதுக் குத்தலை விவரித்துக்கொண்டு போனவர், பேச்சின் உருக்கத்தில் தன்னுடைய முழங்கால் வலியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். தில்லைநாயகியின் முழங்காலுக்குப் பத்துத் தடவை பயிற்சிச் சிகிச்சை எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களை அவமதிக்கக்கூடாது என்று அவர் பத்துக்கும் போனார். நன்றாக இருந்ததால் பதினோராவதும் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது: அவருடைய முழங்கால்களுக்கு ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம், பயமே அதனால்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால், திரு. கிரிகோரியை மொழிபெயர்ப்பாளராக ஏற்க இயலாது.

சங்கத்தின் பொறுப்பாளர் லெத்திசியா. புதுச்சேரிக் குடும்பம், பிறந்தது பாரிஸ், மொழிபெயர்ப்பாளர் பயிற்சியை முறையாக முடித்தவர். கடிதத்தைக் கிரிகோரியின் முன்னால் வைத்தார்.

“அங்கிள், நீங்க நல்லவருதான், ஒத்துக்கறேன். ஆனா அவங்க வாயில வர்றத மட்டும்தான் நீங்க சொல்லணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது.”

“பிள்ளை, வாயாலை வாறது பொய்யெண்டா?”

“பொய்யையும் அப்படியே சொல்லுங்க. கண்டுபிடிக்கிறது டாக்டர் வேல.”

“ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பாக்கிற மனிசன் எப்ப கண்டுபிடிக்கிறது?”

“நொன், இல்ல அங்கிள். காது வலிக்குன்னு போனவங்க முழங்காலோட திரும்பி வந்தாங்க. இதே மாத்திரையா இருந்திருந்தா?”

லெத்திசியா ஒரு சிறிய அட்டையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: சொன்னதைச் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சொல்லக்கூடாது. “செவ்வாக்கெழம நானும் வர்றேன். பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதணும்.”

இடது பக்கச் சட்டைப் பையில் அந்தோனியார் படம் இருந்தது. அட்டையை அதனோடு வைத்துக்கொண்டார். அன்று செவ்ரானில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். ஓய்வு பெற்ற பிறகு, காலையில் அவருக்காக யாராவது காத்து நிற்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் புஸ்பராணியின் முறை. தேநீர்க்கடையில் ஒத்திகை முடிந்து வெளியே வந்தால், மெட்ரோப் பாலத்தின் கீழே லெத்திசியா கையில் கோப்போடு நின்றார். மேலே ரயில் ஓடுகிற பாதை. படி ஏற வேண்டும். லெத்திசியா தொலைபேசியைப் பார்த்தபடி முன்னால் ஏறிவிட்டார். புஸ்பராணி பாதியில் நின்று கைப்பைக்குள் எதையோ தேடினார். இன்னும் சில படிகள் ஏறி, மறுபடி நின்று, சுவரில் இருந்த விளம்பரத்தை வாசித்தார். விளம்பரம் பிரெஞ்சில் இருந்தது. புஸ்பராணிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பொத்திய கை மட்டும், நெஞ்சின் இடது பக்கத்தில் மூன்று தடவை அழுத்தியது.

இதைக் கண்டவர் கிரிகோரி ஒருவரே. வலது கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய் அட்டையைத் தொட்டுப் பார்த்தது.

ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் புஸ்பராணி சும்மா இருக்கவில்லை. சிதறிக் கிடந்த சஞ்சிகைகளை ஓரம் பார்த்து அடுக்கினார். கிரிகோரி ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்ததும், அதை எடுத்துத் திருப்பி வைத்தார். பிறகு எழுந்துபோய், சாய்ந்து தொங்கிய ஒரு படத்தை நேராக்கினார்.

“உங்கடை வேலையிடமே இது? இருங்கோ பிள்ளை” என்றார் கிரிகோரி.

“என்ன செய்யிறது அண்ணை? ஒரு சாமான் பிழையான இடத்திலை இருந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது.”

டாக்டர் ரோமனுக்கு முப்பது வயதிருக்கும். காலையிலேயே களைத்திருந்தார். புஸ்பராணி நீலப் பட்டுச்சேலையும் காப்பும் பளபளக்க உள்ளே போய், லட்டுப் பெட்டியை அவருடைய மேசையில் வைத்தார். லெத்திசியா சுவரோரம் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

“சுகம் ஐயா. நீங்கள் சுகமோ?”

“சுகமாம். நீங்கள் சுகமா என்று கேட்கிறார்” என்று கிரிகோரி பிரெஞ்சில் சொன்னார். லெத்திசியாவின் தலை மெச்சி ஆடியது.

வலி ஏதாவது?

“சீச்சீ.”

“இல்லையாம்.” கிரிகோரி புஸ்பராணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிள்ளையார் இருந்தார். புஸ்பராணி ஜன்னலைப் பார்த்தார்.

படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?

“ஒண்டுமில்லை. நான் சும்மாதான் வந்தனான்.”

“ஒன்றுமில்லை. சும்மாதான் வந்தாராம்.” பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து கிரிகோரி பேசிய பிரெஞ்சில் இதுதான் மிகச் சுருக்கம். பொறுக்க முடியாமல் புஸ்பராணியின் பக்கம் குனிந்தார். “பிள்ளை, தேத்தண்ணிக் கடை!”

லெத்திசியா தொண்டையைச் செருமினார். என்ன சொன்னீர்கள் என்று டாக்டர் கேட்டார். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

“தேநீர்க்கடை, செஃப்” என்றார் கிரிகோரி.

நன்றி, இப்போது வேண்டாம் என்றார் டாக்டர்.

பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அதே மாத்திரை போதும். டாக்டர் கணினியில் தட்டத் தொடங்கினார்: அடுத்த சந்திப்பு ஒரு வருடம் கழித்து. ஒரு வருடம். கிரிகோரி மனதுக்குள் அந்த மெட்ரோப் படிகளில் ஏறத் தொடங்கினார். பாதிக்கு மேல் அவராலும் போக முடியவில்லை.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“இல்லை ஐயா.”

“இல்லையாம்” என்றார் கிரிகோரி. வாய் அவ்வளவுதான் சொன்னது. ஆனால் வலது கை மெல்ல எழுந்தது. பொத்திக்கொண்டு, அட்டை இருந்த பக்கத்துக்குப் போகத் துணியாமல், நெஞ்சின் வலது பக்கத்தில் போய் நின்று மூன்று தடவை அழுத்தியது.

டாக்டரின் விரல்கள் நின்றன. உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டார்.

“நொன், செஃப்.”

கை இறங்கவில்லை. லெத்திசியாவின் பேனா தாளில் பட்டது, எழுதவில்லை. அட்டையில் கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியவர் அவர்தான்.

புஸ்பராணி கதிரையில் அசைந்தார். ஜன்னலைப் பார்த்தார். லட்டுப் பெட்டியை மேசையின் விளிம்புக்கு நேராகத் தள்ளி வைத்தார். மறுபடி கிரிகோரியின் கையைப் பார்த்தார். சாய்ந்து தொங்கிய படத்தைப் பார்த்த அதே பார்வை. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அங்கை இல்லை அண்ணை” என்றார் கடைசியில். காப்புகள் குலுங்க எட்டி, கிரிகோரியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, இடது பக்கத்தில், அட்டையும் அந்தோனியாரும் இருந்த இடத்தில் வைத்தார். “இஞ்சை.” அது இனி விலகாதபடி தன் கையையும் அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.