மாதம்மாள் விழுங்கிய சொல்

வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தில், நாகலூருக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் யாருடைய அரிவாள்மனை மழுங்கினாலும் அது மாதம்மாளிடம்தான் வந்து சேரும். அவள் பேச்சு கொஞ்சம் வெடுக்கென்றிருக்கும். ஆனால் கை சுத்தம்.

மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறுகிற மலை அது. இரும்பை ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் துருவேறிவிடும். மாதம்மாள் விடமாட்டாள். அரிந்து முடித்ததும் கழுவி, பழந்துணியால் துடைத்து, அடுப்புச் சூட்டில் காட்டி, விளக்கெண்ணெய் தொட்டுப் பூசின பிறகுதான் சுவரோரம் சாய்ப்பாள். துரு தெரிந்தால் செங்கல் தூள் போட்டுத் தேய்ப்பாள். மழுங்கினால் ஓடைக்கல்லை நனைத்து, அலகின் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில், அவசரமில்லாமல் இழுப்பாள். கடைசியில் ஒரு காப்பி இலையை அலகில் வைத்து லேசாக இழுத்துப் பார்ப்பாள். நார் தொங்காமல் இலை இரண்டானால்தான் கல்லைக் கீழே வைப்பாள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தீட்டியவள், அடுத்து உட்காரப் போகிறவளிடம் “கல்லு காட்டியிருக்குது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மழுங்கின அலகுக்குப் பழகிய கை காயை அழுத்தித் தள்ளும். தீட்டின அலகில் அதே மாதிரி தள்ளினால் காயோடு விரலும் போகும். அதனால் மாமியாரோடு சண்டையோ புருஷனோடு சண்டையோ, இந்த ஒரு சொல்லை மட்டும் எந்தப் பொம்பளையும் விழுங்கக் கூடாது. லைன் முழுக்க அதுதான் சட்டம்.

மாதம்மாள் விழுங்கினாள்.

அவளுடைய ஓரகத்தி அருக்காணி, புருஷனுக்கு அண்ணன் மனைவி, அடுத்த வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அரிவாள்மனை. காப்பிப் பழம் பறிப்பில் அருக்காணியை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆள் கிடையாது. மற்றவர்கள் பாதிச் செடியில் நிற்கும்போது அவள் அடுத்த செடிக்குப் போயிருப்பாள். ஐப்பசி மழையில் ஒருநாள், பிள்ளை அழுகிறதென்று அரிவாள்மனையை ஈரத்தோடு போட்டுவிட்டு ஓடிவிட்டாள். மறுநாள் அலகு முழுக்கத் துரு. மாதம்மாளுக்குப் பொறுக்கவில்லை. குழாயடியில் பத்துப் பேர் முன்னால், “கவனங்கெட்ட கையிங்க்கா உங்களுது” என்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர சாடை நிற்கவில்லை. மாதம்மாள் கோழியைத் திட்டுவதுபோல் அருக்காணியைத் திட்டுவாள். அருக்காணி பானையைத் திட்டுவதுபோல் பதில் சொல்லுவாள். இரண்டு புருஷன்மாரும் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்கள், பிழைக்கத் தெரிந்தவர்கள்.

அந்த வாரம்தான் மாதம்மாள் துருவை எடுத்து அரிவாள்மனையைத் தீட்டினாள். கோபம் கையில் இறங்கியதோ என்னவோ, அலகு அப்படிக் கூராக வந்தது. வழக்கமான இடத்தில் சாய்த்தாள். அருக்காணி ஒரு பலாக்காயோடு வந்து அதை எடுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோழி அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. கோழியைப் பார்த்து, ‘ஏ கோழி, கல்லு காட்டியிருக்குது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொன்ன வாய்தானே? நாக்கு நுனிவரை வந்தது. ‘ஒரு கீறல் விழட்டுமே, அப்போதாவது புத்தி வரும்’ என்று நினைத்துக்கொண்டு அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

கீறல் விழவில்லை. காய் ஒரே தள்ளில் பிளந்து, இடது கை ஆள்காட்டி விரல் எலும்புவரை போய்விட்டது.

கம்பவுண்டர் கட்டுப் போட்டார். புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. பறிப்பில் முதல் ஆளாக நின்றவளை மேஸ்திரி களத்தில் காப்பி காயவைக்க அனுப்பினார். எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களிடம், “அன்னாடம் அரியற அருவாமனைதாங்க. என்ற கைதான் கவனங்கெட்ட கை” என்றாள் அருக்காணி. மாதம்மாள் சொன்ன அதே சொல். லைன் அதைப் பிடித்துக்கொண்டது. பால் பொங்கினாலும் அவள் கை, பானை உடைந்தாலும் அவள் கை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மாதம்மாளுக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. அன்றைக்கே போய்க் காலில் விழுந்திருக்கலாம். பயம் விடவில்லை. அதற்குப் பதிலாகத் தானே வலியப் போய்ப் பேசி, உழைத்தாள். அருக்காணி வீட்டுக் காய் முழுவதையும் அவளே அரிந்தாள். அடுத்துப் பிறந்த குழந்தைக்குத் தண்ணி வார்த்ததும் அவள்தான். “கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா” என்று அருக்காணி ஊரெல்லாம் சொன்னாள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் மாதம்மாள் இன்னும் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

வருஷங்கள் ஓடின. அருக்காணியின் மூத்த மகளைப் பெண்பார்க்க மாரமங்கலத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். விருந்துக்கு மாதம்மாள்தான் உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்தாள். மாப்பிள்ளையின் தாயார், “ஏனுங்க, ஊட்டுக்காரம்மா அரியலீங்களா?” என்று சும்மா கேட்டாள்.

அருக்காணியின் புருஷன் குழந்தைவேல் சிரித்தான். “இவகிட்ட அருவாமனையக் குடுத்தா வெரலயும் சேத்துக் கொழம்பு வெச்சிருவாளுங்க. புள்ளைக்கு இவ கை வாய்க்கல, பயப்படாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அருக்காணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாதம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ஆண்கள் வழியனுப்பப் போனார்கள். பொழுது சாயுமுன் ராத்திரிச் சமையலுக்கு மிச்சப் பூசணிக்காயை அரிய உட்கார்ந்த மாதம்மாள், தலை நிமிராமல் சொன்னாள்.

“அக்கா, அன்னிக்கு நான் கல்லு காட்டியிருந்தேனுங்க. சொல்லோணும்னு வாய்வரைக்கும் வந்துச்சு. வேணும்னேதான் சொல்லல.”

அருக்காணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுவரோரமாகக் கீழே உட்கார்ந்தாள்.

“திட்டுங்க்கா. அடிச்சாலும் வாங்கிக்கறேன்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். நொம்பக் கோவக்காரி நானு. மூணாம் நாளு சரியாப் போயிருக்கும்.” அருக்காணியின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “வெரலு போச்சு, போவட்டும். பறிப்புப் போச்சு, அதும் போவட்டும். ஊரு சொல்லுச்சுன்னு என்ற கைய நானே நம்பாமப் போயிட்டனே. பெத்த புள்ளைக்குத் தண்ணி வாக்கப் பயந்துக்கிட்டு உன்னயக் கூப்புட்டேன். எங்க நழுவ உட்டுருவனோன்னு.” மாதம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். “நீயும் வந்து வாத்தியே.”

தான் செய்த உதவியெல்லாம் ‘கவனங்கெட்ட கை’ என்ற அந்த ஒரு சொல்லை நாளுக்கு நாள் உறுதிப்படுத்தியதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அப்போதுதான் மாதம்மாளுக்கு உறைத்தது. பாவத்தைக் கழுவுவதாக நினைத்து, அத்தனை வருஷமும் அதையேதான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள்.

அருக்காணி நகர்ந்து வந்து அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்தாள். மடங்காத விரலை ஓரமாக நீட்டிக்கொண்டு ஒரு கீற்றை எடுத்து அலகில் வைத்தாள். மாதம்மாள் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

“அக்கா, உடுங்க, நான்...”

“எடு கைய.”

மாதம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். அருக்காணி மெதுவாக, கோணல்மாணலாக, மிச்சக் காய் முழுவதையும் அவளே அரிந்து முடித்தாள்.