அப்பாவின் தலைமாட்டுச் சுவிட்சுகள்

அப்பா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிப்பவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் தோட்டம் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா காலி செய்யவில்லை. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு மழைக்காலத்தை ஓட்டினார். கடைசியில் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோதுதான் அந்த வீடு காலியானது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நாங்களும் அப்போதுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். பாதிச் சாமான் சாக்கிலேயே கிடந்தது. அப்பாவின் கட்டிலை எங்கே போடுவது என்று முடிவு செய்த பிறகுதான் மற்றவற்றுக்கு இடம் பார்த்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கைபேசி எல்லார் கையிலும் வந்திருக்கவில்லை. அம்மா முன்னமே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. டவுனில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தேன். என் கணவர் டவுனுக்கு வெளியே ஒரு தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியன். காலையில் ஒரு அம்மா வந்து அப்பாவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு நான் பிற்பகலில் வரும்வரை அப்பா தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

தோட்டத்தில் அப்பாவின் குரல் ஒரு மலையில் எழுந்தால் எதிர் மலையில் நிற்பவர்கள் நிமிர்வார்கள். அந்தக் குரலில் இப்போது மிஞ்சியது ஒரு 'ஆ' மட்டும். தண்ணீருக்கும் ஆ, ஜன்னலைச் சாத்துவதற்கும் ஆ, எனக்குப் புரியவில்லை என்பதால் வரும் கோபத்துக்கும் ஆ.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அதே தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா என் அப்பாவின் அதட்டலுக்குக் கீழே கொழுந்து பறித்தவர். நாங்கள் கல்யாணம் செய்யப் போகிறோம் என்று சொன்னபோது அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், கல்யாணத்துக்கு வந்தார், இரண்டு தடவை பாயாசம் வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் மாப்பிள்ளையோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என்னிடம், "அவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். வெளியார் அதைக் கேட்டுவிட்டு, மருமகனுக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிப் போவார்கள்.

அப்பாவைக் கொண்டு வந்த வாரமே என் கணவர் ஒரு யோசனை சொன்னார்.

"மாமாவுக்கு இடது கை நல்லா இருக்கு. அது போதும். வீட்டையே அந்தக் கைக்கு இழுத்துக் கொண்டு வந்துருவேன்."

"வீடு எதுக்குங்க? தண்ணிப் போத்தல் எட்டினாப் போதாதா?"

"நீ கணக்கு டீச்சர். ஒனக்கு இது வெளங்காது."

ஃபெக்டரியில் கழித்துப் போட்ட ரிலேக்களை, ஃபெக்டரிக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தார். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சாமான் என்று எனக்கு விளக்கினார். ஒரு லொறி பேட்டரி வந்தது. பழைய டெலிபோன் கேபிள் ஒரு சுருள் வந்தது. மிச்சத்தை, நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவரின் கடையில் வாங்கினார். நானாவுக்குப் பஜாரில் ஹாட்வெயார் கடை. சாக்கில் கிடந்த எங்கள் சாமான்களை வெளியே எடுக்கும் வேலை அத்தோடு நின்றது. சுவர்களில் எல்லாம் வயர் ஓடியது. சமையல் பாத்திரங்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவர் கிடைத்தது. ஸ்க்ரூ டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் என் அகப்பை கிடைத்தது.

முடிவில் அப்பாவின் தலைமாட்டில் ஒரு பலகை நின்றது. அதில் ஆறு பெல் சுவிட்சுகள். லைட், ரேடியோ, டிவி, தண்ணி மோட்டார், கேட், மணி என்று என் கணவர் பெயின்டால் எழுதியிருந்தார். மணி சுவிட்சை அமுக்கினால் நானா வீட்டு அடுப்படியில் மணி அடிக்கும், அவசரத்துக்கு. கேட்டில் யாராவது பெல் அடித்தால் அப்பாவின் அறையில் சத்தம் கேட்கும். அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். படுத்தபடியே அப்பா அதில் கேட்டைப் பார்க்கலாம். ஆள் யார் என்று பார்த்து சுவிட்சை அமுக்கினால் கேட்டின் பூட்டு 'டக்' என்று விடும். இதெல்லாம் போதாதென்று வெளி லைட்டுக்கு வெளிச்சத்தை அறியும் ஒரு கண் வைத்தார். இருட்டினால் லைட் தானாக எரியும்.

என் கணவர் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டு விளக்கினார். "மாமா, இது லைட்டு. மாமா, இது ரேடியோ." அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் ஃபெக்டரிக்குப் போன பிறகு அப்பா எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். நான் பாடசாலை விட்டு வந்தபோது தண்ணீர்த் தாங்கி நிரம்பி, முற்றத்தைத் தாண்டி, நானாவின் கோழிக் கூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவும் டிவியும் ஒரே நேரத்தில் பேசின. மணி கேட்டு ஓடி வந்த நானாவின் மனைவி அப்பாவின் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மதிலுக்கு அப்பாலிருந்து நானா சொன்னார். "டீச்சர், ஒங்கட வாப்பா நல்லா ஈக்கிறாரு. கோழிதான் பயந்து போய் ஈக்கி."

தாங்கி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி என் கணவர் செய்தார். வெளி லைட்டின் கண்ணை அவரால் திருத்த முடியவில்லை. எங்கள் வீடு மேட்டில் இருந்தது. மார்கழியில் மத்தியானமே மூடுபனி இறங்கும். கண் அதை இருட்டு என்று எடுத்துக்கொண்டு லைட்டைப் போடும். மத்தியானத்தில் லைட் எரிவதை அப்பாவால் பொறுக்க முடியாது. தலைமாட்டு லைட் சுவிட்சை அமுக்கி அணைப்பார். கண் மறுபடி போடும். சில நாட்களில் நான் வரும்வரை இது நடக்கும். அந்த நாட்களில் அப்பா நன்றாகச் சாப்பிட்டார்.

கேட் சுவிட்சு பிரமாதமாக வேலை செய்தது. தபால்காரருக்குத் திறந்தது. மீன்காரருக்குத் திறந்தது. தேர்தலுக்கு நோட்டீஸ் கொண்டு வந்த எல்லாக் கட்சிக்காரருக்கும் வித்தியாசம் பாராமல் திறந்தது. ஒரு நாள் பசு மாடு ஒன்று கேட்டில் முதுகைத் தேய்த்தபோது பெல் அமுங்கியது. அதற்கும் திறந்தது. என் கணவருக்கு மட்டும் திறக்கவில்லை.

அவர் சாவி வைத்துக்கொள்ள மறுத்தார். "ஓட்டோமெட்டிக் கேட்டு போட்டுட்டு சாவியத் தூக்கிக்கிட்டுத் திரியச் சொல்றியா?" பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து பெல் அடிப்பார். கேட் அசையாது. பின்கட்டில் துணி துவைக்கும் எனக்கு அந்தப் பெல் கேட்காது. நான் வெளியே வந்து பார்க்கும்வரை நிற்பார். டியூஷன் வகுப்புக்கு நான் போன நாட்களில் நானா வீட்டில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். உள்ளே வந்ததும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயரைப் பரிசோதிப்பார்.

"வயர்ல ஈரம் எறங்குது."

மறுநாள், "பேட்டரி கொஞ்சம் டல்லு."

அதற்கு மறுநாள் பூட்டையே கழற்றி எண்ணெய் போட்டார். அவர் சோதிக்கும்போதெல்லாம் அது 'டக்' என்று விட்டது.

பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் அப்பாவின் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெல் அடித்தது. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். இடது கை கேட் சுவிட்சின் மேலேதான் இருந்தது. அதை மெதுவாக எடுத்து, ரேடியோவைப் போட்டார்.

நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.

"வயர்ல ஒன்னும் இல்லிங்க," என்றேன். "அப்பா அமுக்கல."

என் கணவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுக் கேட்டைச் சாத்தினார். சீட்டைத் துடைத்தார். "கை வலிச்சிருக்கும்," என்றார்.

அவர் இறங்கிய சூட்டோடு தபால்காரர் வந்து பெல் அடித்தார். கேட் உடனே திறந்தது. என் கணவர் சீட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. அவர் வயரைப் பரிசோதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் டியூஷன் முடிந்து கொட்டும் மழையில் வந்தேன். அவர் கேட்டில் பெல் சுவிட்சை அமுக்கிய விரலை எடுக்காமல் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. உள்ளே பெல் ஓயாமல் அலறியது. ரேடியோ அதைவிடச் சத்தமாகப் பாடியது. பக்கத்தில் நானா குடை பிடித்துக்கொண்டு, "வாங்க தம்பி, டீயொண்டு குடிப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அது காதில் விழவில்லை.

என் சாவியால் திறந்து, நனைந்த புடவையோடு நேரே அப்பாவிடம் போனேன். அதுவரை அவரை எதிர்த்து நான் சத்தம் போட்டதில்லை. கல்யாணத்துக்குக் கூடக் கெஞ்சித்தான் கேட்டேன்.

"மாட்டுக்கு எல்லாம் தொறக்கிறீங்க! ஒங்களுக்கு இந்தப் பலகையச் செஞ்சு குடுத்த மனுசன் மழையில நிக்கிறாரு. அவரு என்னப்பா பண்ணாரு ஒங்கள?"

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே, "விடு விடு, மாமாவுக்குப் பிரஷர் ஏறும்" என்றார். அன்று வீட்டில் யாரும் ரசித்துச் சாப்பிடவில்லை.

அந்த மாதங்களில் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். நானும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாயசைக்கப் பழக்கினேன். முதலில் வந்த வார்த்தை 'வேணாம்'. பிறகு 'தண்ணி'. பிறகு, தோட்டத்தில் ஆட்களை ஏசும்போது அவர் பயன்படுத்திய ஒரு சொல். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. இங்கே எழுதக் கூடாத சொல்.

இரண்டு மூன்று சொற்களைக் கோக்க அவர் பழகியதும் ஒரு பின்னேரம், கோபம் இல்லாமல் கேட்டேன்.

"அப்பா, அவருக்கு மட்டும் ஏன் கேட்டத் தொறக்கிறதில்ல?"

அப்பா வெகுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். நெற்றி வேர்த்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

"வீட்டுக்காரன்... பெல்லு... அடிப்பானா?"

இரவுச் சாப்பாட்டின்போது இதை என் கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"வீட்டுக்காரன்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரங்கன்னு சொல்லலியே?"

"இல்ல. வீட்டுக்காரன்."

"அடிப்பானான்னு?"

"அடிப்பானான்னு."

அவர் தட்டை வழித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். மறுநாள் நானாவின் கடையில் ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பின்னேரங்களில் தானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அப்பா கண்ணாடியில் பார்ப்பார். ரேடியோவை அணைப்பார்.

அப்பா சொன்ன காரணத்தை நான் முழுவதும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்கப்பிள்ளை. தொழிலாளிக்கும் தோட்டத் துரைக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பதிலைச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். பதிலை யோசிக்கக் கட்டிலில் நிறைய அவகாசமும் இருந்தது. என் கணவரிடம் இந்தச் சந்தேகத்தை நான் சொன்னதில்லை. அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு பெரிய இடி விழுந்து, பலகை, வயர் எல்லாம் எரிந்தது. நானா வீட்டு மணி ஒரு தடவை தானாக அடித்து ஓய்ந்தது. அவர்கள் வீட்டில் எல்லாரும் அப்பாவுக்கு என்னவோ என்று ஓடி வந்தார்கள். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். அறையில் கருகிய மணம். கருகியதில் எது பிழைக்கும் என்று என் கணவர் மறுநாள் பலகையைக் கழற்றித் தரையில் பரப்பினார். ரிலேக்களில் இரண்டு மூன்றுதான் தேறின.

அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மாமாகிட்ட கேளு, எது எது வேணும்னு."

எனக்கு அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. "நீங்களே கேளுங்க," என்றேன்.

தரையில் ரிலேக்கள் இடம் மாறும் சத்தம் வந்தது. பிறகு அவருடைய குரல் கேட்டது. "மாமா, எது போடட்டும்?"

பருப்பை இறக்கிவிட்டு வந்து கதவோரம் நின்றேன். அப்பா கூரையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சாமான்களையும் அவற்றின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும் பார்த்தார்.

"கேட்டு... வேணாம். ரேடியோ... போடு."

'போடச் சொல்லு' இல்லை. 'போடுங்க'வும் இல்லை. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சுவரில் ஒழுங்காக ஓட்டவேண்டிய வயரை அவசரத்தில் தரையிலேயே ஓட்டி, செய்திக்கு முன் ரேடியோவைப் பேச வைத்துவிட்டார். அந்த வயரில் நான் பல நாள் தடுக்கி விழப் பார்த்தேன்.

கேட்டுக்குச் சாதாரணக் கொண்டி போட்டோம். தபால்காரர் சில நாள் பெல்லைத் தேடி நின்றார். பிறகு கையால் தள்ளிக்கொண்டு வரப் பழகினார்.

அப்பா அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தார். பேச்சு பாதிதான் திரும்பியது. திரும்பியதில் பெரும்பகுதி என் கணவரை வேலை வாங்கவே செலவானது. "தூக்கு." "திருப்பு." "அது இல்ல, மத்தது." ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் அவரைச் சவரத்துக்கு உட்கார வைத்தால் இருவர் சத்தமும் ரோட்டுக்குக் கேட்கும்.

"மெதுவா... டேய்!"

"ஆடாம இருங்க மாமா, பிளேடு!"

நான் அடுப்படியில் இருந்துகொள்வேன். அந்த நேரத்தில் யாரும் என் வழியாக எதையும் கேட்கச் சொன்னதில்லை.