தவமலர் கொண்டுவந்த கௌபி

குஞ்சித்தம்பியின் மூத்த மகள் தவமலர் கொஞ்சம் நெஞ்சழுத்தக்காரி. கலியாணம் முடித்த அடுத்த வருடமே, எண்பத்துநாலில், புருஷன் மாமாங்கம் கனடாவுக்குப் போய்விட்டான். அங்கிருந்து வந்த கடிதங்களில் எல்லாம் ஒரே பாட்டு: "நான் நல்ல சுகம். நாளும் கோழியும் மீனும்தான்." ஊரில் அவளுக்கு ஒருநேரக் கஞ்சியே பெரும்பாடு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வளவுக்குள் போவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள். "திண்டு கொழு, என்னை மட்டும் கூப்பிடாத!"

எண்பத்தேழு மாரியில் கூப்பிட்டுவிட்டான். கோபம் கோபமாகவே இருக்க, அவனுக்குப் பிடிக்குமே என்று தோட்டத்துக் கௌபிப் பயறில் ஒரு பை கட்டிக்கொண்டுதான் வந்தாள். கனடாவின் மோர்னிங்சைட் வீட்டில் முதல்நாள் காலையே அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுக் கொடுத்தாள். அவன் ஒருவாய் வைத்தான். முகம் கோணிற்று. கோப்பையைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

கோழி தின்ற வாய்க்கு இனி நான் சமைப்பது இறங்காது என்று அவள் முடிவுகட்டினாள். அதன்பின் வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை.

ஒரு ஞாயிறு, மாமாங்கத்தோடு முன்பு ஒரே அறையில் இருந்த பேனாட் வந்தான். தவமலர் வேண்டுமென்றே கௌபியை அவித்து இருவருக்கும் வைத்தாள். பேனாட் துள்ளி எழுந்தான்.

"ஐயோ அக்கா, உது மட்டும் வேண்டாம்! மூண்டு வருசம் காலமையும் பின்னேரமும் உதைத்தானே உப்புப் போட்டு அவிச்சுத் திண்டனாங்கள். அண்ணைக்கு நாங்கள் வைச்ச பட்டமே கௌபியர்!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவர்கள் இருவரும் சிரிக்காததைக் கண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நழுவினான்.

"கோழி, மீன் எண்டு ஏன் எழுதின நீங்க?"

"நீ கவலைப்படுவாய் எண்டுதான்."

"நான் கவலைப்படயில்ல. திட்டினன். ஒவ்வொரு கடிதத்துக்கும் மண் அள்ளித் தூத்தினன். அந்த மண்ணை இப்ப எங்க போய்ப் பொறுக்க?"

மாமாங்கம் ஆறிப்போன கோப்பையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தின்னத் தொடங்கினான். ஒவ்வொரு வாய்க்கும் குமட்டிற்று, கண்ணில் நீர் முட்டிற்று. தவமலர் தடுக்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.