சுருளி துலக்கிய காசுகள்

போடியில் ஏலக்காய்க் கடையில் சல்லடை போடுகிற சுருளியைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ரெண்டு கலரு’ என்றால் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், இல்லாவிட்டால் அதையே மாற்றி, இப்படி இரண்டு உலோகம் சேர்த்து அடித்த காசு எந்த நாட்டில் இருந்தாலும் அது தன் பெட்டிக்குள் வரவேண்டும் என்று அலைகிற மனுசன்.

காசு வந்த வழி போடிமெட்டு. அங்கே டீக்கடை வைத்திருக்கும் வேலுத்தாய் அவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. மூணாறு போகிற வெளிநாட்டுக்காரர்கள் செலவாகாமல் கிடந்த தங்கள் ஊர்க் காசை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுருளி ஒரு கை ஏலக்காய் கொடுத்து அதை வாங்கிக்கொள்வார். அது யார் கடை ஏலக்காய் என்று அவள் கேட்டதில்லை. ஊரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மதுரையில் வருசா வருசம் நடக்கும் நாணயக் கண்காட்சியில் தனக்கு ஒரு மேசை. அதன்மேல் ‘சுருளி, போடிநாயக்கனூர்’ என்று ஓர் அட்டை. ஆயுசு பூராவும் அடுத்தவன் காயைத் தரம் பிரித்தவருக்குத் தன்னுடையது என்று காட்ட வேறொன்றும் கிடையாது.

காசுக்கு மதிப்புப் போட அவருக்குத் தெரிந்தது ஏலக்காய்க் கணக்குத்தான். பருத்தால் விலை கூடும், நிறம் பளிச்சென்றிருந்தால் இன்னும் கூடும், கறுத்துப்போனதை ஏலத்தில் ஒருத்தனும் சீந்தமாட்டான். அதனால் காசுகளைச் சலித்துப் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரித்தார். கறுத்ததைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தார். பெண்டாட்டி ராமுத்தாயும் கூட உட்கார்ந்து தேய்த்தாள். தாய்லாந்து, துருக்கி, கென்யா, இத்தாலி எல்லாம் குத்துவிளக்கு மாதிரி மினுங்கின.

இந்த வருசம் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டு மதுரைக்கு ரயிலேறினார்.

மேசை ஒதுக்குகிற கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்தார். “என்னங்க, நாடு வாரியா வைக்கலையா?”

“பருமன் வாரியா வச்சிருக்கேன் சார். மேல இருக்கதெல்லாம் மொத ரகம்.”

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. இறக்கை வைத்த பெண் முகம் போட்ட இத்தாலிக் காசில் இறக்கை தேய்ந்து மழுங்கியிருந்ததை லென்ஸில் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“எதப் போட்டுத் தேச்சீங்க?”

“நாட்டுப்புளி சார்,” என்றார் சுருளி, பெருமையாக.

“வந்தபடியே வச்சிருந்தா இதுல சிலதுக்கு ஆளுக போட்டி போட்டிருப்பாங்க. தேச்ச காச சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்.”

“இனிமே தேய்க்காமக் கறுக்க விட்டா சார்?”

“கறுக்கும். ஆனா தேச்சதுல போன மேல்தோலு திரும்ப வராதுண்ணே. இத நம்பி எப்படி மேசை குடுக்கிறது?”

போடி ஸ்டேஷனில், கூட வேலை பார்க்கும் மொக்கையன் காத்திருந்தான். “என்ன மாமா, மேசை குடுத்தாகளா, வாசல்ல பெஞ்சியா?”

“அடுத்த வருசம் மொத மேசை நமக்குத்தான்டா மாப்ளே. காசப் பாத்து அரண்டு போனாக.”

அரண்டது மட்டும் நிசம். அதே கதையை வீட்டிலும் சொன்னார். ராமுத்தாய் தெருவுக்கே சொன்னாள்.

அதற்கப்புறம் அவர் புளியைத் தொடவில்லை. போன தோல் வராது என்று காதால் கேட்டவர்தான். ஆனாலும் ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து, கறுப்பு ஏறுகிறதா என்று பார்ப்பார். மழைக்காலம் வந்தது. மெல்ல ஏறியது. அந்தக் கறுப்பைப் பார்த்த நாளில் இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், கொல்லையில் முறம் நிறையக் காசு. எல்லாம் பளபளவென்று.

“மொத மேசைக்குப் போற காசு, இப்பிடியா கறுக்க விடுவீக?” என்றாள் ராமுத்தாய். புறங்கை வரைக்கும் புளி. “உங்களுக்குச் சோலி அதிகம்னு நானே தேச்சுட்டேன். நல்லாருக்கா?”

சுருளி இத்தாலிக் காசை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த பெண்ணுக்கு இப்போது மூக்கும் இல்லை.

“நல்லாருக்கு புள்ள.”

“ஈரம் நின்னா கறுத்துரும். அந்தத் துண்டக் கொண்டாங்க.”

துண்டை எடுத்துவந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.