யாருக்கென்று தெரியாமல் எடுத்து வைத்த பீங்கான்

போன வருடம் கிறிஸ்மசுக்கு முந்தின கிழமை என் கணவர் ஆற்றில் காணாமல் போனார். மட்டக்களப்பில் நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். காலையில் போன ஆள் பின்னேரமாகியும் கரை சேரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வெள்ளம். முகத்துவார மணலை வெட்டி விட்டிருந்தார்கள். தண்ணீர் எல்லாம் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, மூடுபனிபோல மழைப் புகார் வேறு. கரையில் கட்டியிருந்த தோணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இதை எங்கள் செபக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் மார்லின். டவுனில் இருக்கும், போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக் குடும்பம். கணவர் றொய்ஸ்டன் எஞ்சின் திருத்துகிறவர். தண்ணீர்ப் பம்போ, மில்லோ, படகோ, சத்தத்தைக் கேட்டே என்ன பழுது என்று சொல்லிவிடுவார். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது.

அன்றைக்கு அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு நெல் மில்லின் எஞ்சினைப் பார்க்கப் போனார். தரைவழி வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் செட்டிபாளையம் வரை மோட்டார் சைக்கிளில் போய், அங்கே சிவலிங்கம் அண்ணனின் தோணியை வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்திருக்கிறார். சிவலிங்கம் அண்ணன் அங்கே மீன் பிடிக்கிறவர், இவருடைய பழைய கூட்டாளி. அந்தத் தோணியின் எஞ்சினையும் இவர்தான் திருத்திக் கொடுத்தவர். மத்தியானம் போன் எடுத்து, "வேலை முடிஞ்சுது, வெளிக்கிட்டன்" என்றார். நான் லவ் கேக்குக்குக் கஜுப் பருப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். "கவனமா வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. பன்னீர் ஒரு போத்தல் வாங்கி வரச் சொன்னேன்.

பின்னேரம் சிவலிங்கம் அண்ணன் போன் பண்ணினார்.

"தங்கச்சி, றொய் அங்க வந்துட்டாரா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையில் ஒட்டின ரவையைக் கழுவாமலே முச்சக்கர வண்டியில் ஏறிச் செட்டிபாளையத்துக்குப் போனேன். கரையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவலிங்கம் அண்ணனும் இன்னும் சிலரும் தோணிகளில் தேடப் புறப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களையும் புகார் விழுங்கிவிட்டது. கூப்பிடும் குரல்கூடப் பஞ்சுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

செபமாலை கையில் இருந்தது. ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. சண்டை பிடிப்பதுபோல ஆண்டவரிடம் கேட்டேன். "எனக்கு ஏலாது. நீர் யாரையாவது அனுப்பும். எந்தச் சாதி, எந்தச் சமயம், யாராக இருந்தாலும் சரி. அந்த ஆளைத் தேடிப் போய் என் கையால் பலகாரம் செய்து கொடுத்து நன்றி சொல்லுவேன்." அவ்வளவுதான் என் செபம். கெட்டிக்காரச் செபம் இல்லை. உள்ளதைத்தான் கேட்டேன்.

பொழுது சாய்கிற நேரம் தோணிகள் திரும்பின. முதல் தோணியில் என் மனிதர் குந்தியிருந்தார். உடம்பெல்லாம் நடுக்கம், உதடு நீலம். நான் அழுதேன், ஏசினேன், கட்டிப்பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி ஒன்றைத்தான் கேட்டார்.

"தட்டினது ஆர்?"

"ஆரும் தட்டல்லயே றொய்" என்றார் சிவலிங்கம் அண்ணன்.

றொய்ஸ்டன் சொன்ன கதை இது. நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. துடுப்பைத் தண்ணீர் பறித்துக்கொண்டு போய்விட்டது. தோணி முகத்துவாரப் பக்கம் இழுபடுகிறது. போனும் நனைந்து செத்துவிட்டது. அப்போது ஒரு சத்தம். டொக், டொக், டொக். வலை போட்டுவிட்டு, மீனை வெருட்டி வலைக்குள் விழுத்துவதற்காகத் தோணி விளிம்பில் கட்டையால் தட்டுவார்களே, அந்தச் சத்தம். யாரோ மீன் பிடிக்கிறார்கள் என்று நினைத்து, இருக்கைப் பலகையைக் கழற்றி அதைக்கொண்டு சத்தத்தைப் பார்த்துத் தள்ளியிருக்கிறார். எவ்வளவு தள்ளியும் சத்தம் கிட்ட வரவில்லை. தூரப் போகவும் இல்லை. கூப்பிட்டார், பதில் குரல் இல்லை, தட்டுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் தோணி ஒரு கண்டல் காட்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. இடுப்புப் பட்டியைக் கழற்றி வேரோடு கட்டிவிட்டு இருந்தார். தேடிப் போனவர்கள் கண்டுபிடிக்கும் வரை அது தட்டிக்கொண்டே இருந்ததாம். அவர்களுடைய எஞ்சின் சத்தம் கேட்டதும்தான் நின்றதாம்.

அன்றைக்கு வெள்ளத்துக்குப் பயந்து ஒருவரும் வலை போடவில்லை. அதை ஊரே சொன்னது.

ஆண்டவர் செபத்தைக் கேட்டார் என்று எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் கணவர் முழுதாக வீட்டுக்கு வந்து சேரவில்லை. பட்டறையைத் திறப்பார், ஒரு எஞ்சினை ஓடவிடுவார், உடனே நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சாப்பிடும்போது வாய்க்குப் போன கை அப்படியே நிற்கும். "இப்ப கேட்டதா உனக்கு?" என்பார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பட்டப்பகலில், குசினியில், என் சொந்தப் புருஷனுக்குப் பக்கத்தில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. ஆறு அவரைப் பாதிதான் திருப்பித் தந்தது என்று தோன்றியது.

நேர்ந்துகொண்டது எனக்கு மறக்கவில்லை. கிறிஸ்மசுக்கு லவ் கேக்கைச் சுட்டுச் சதுரமாக வெட்டினேன். தேடப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பீங்கான் தட்டில் வைத்து, நான் பின்னிய துணியால் மூடினேன். அரிசிமாவில் அச்சுப் பலகாரமான கொக்கிசும் சுட்டேன். சிவலிங்கம் அண்ணன் என்னோடு வீடு வீடாக வந்தார். எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பீங்கானை யாரும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு வீட்டில் சீனி போட்டார்கள், இன்னொரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டில் வாழைப்பழம். ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு பிடி அரிசி. எல்லாப் பீங்கானும் நிறைந்து திரும்பின.

ஒன்றைத் தவிர. யாரென்று தெரியாத அந்த ஆளுக்காக எடுத்து வைத்த பீங்கான், என் மேசையில் மூடினபடியே இருந்தது. றொய்ஸ்டன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பக்கம் படுவான்கரையிலும் விசாரித்தோம். அன்றைக்கு ஆற்றில் இறங்கினவர் ஒருவரும் இல்லை.

புது வருடம் பிறந்த பிறகு சிவலிங்கம் அண்ணன் மனமில்லாமல் ஒரு பெயரைச் சொன்னார். "தேத்தாத்தீவுல பூமணி அக்காட வளவுல ஒருக்காக் கேட்டுப் பாருங்க." ஏன் என்று கேட்டதற்கு, "போய்ப் பாருங்களன்" என்றதோடு சரி.

மூன்று பேரும் போனோம். மத்தியான வெயில். ஆற்றங்கரையோடு ஒட்டின வளவு. பூமணி அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நான் பீங்கானை நீட்டினேன். சுருக்கமாக விசயத்தைச் சொன்னேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அண்ணன் இல்லையா அக்கா?" என்று அவருடைய புருஷனை விசாரித்தேன்.

"ஆத்துல புள்ள."

"அவருக்கும் துண்டு இருக்கு. வந்த உடன குடுங்க."

அவர் பீங்கானின் துணியைச் சரிசெய்தபடி, மகளைக் கூப்பிடுவதுபோல் சொன்னார். "ஓம் மனே. வந்தாக் குடுக்கிறன்."

வேலிப் பக்கம் நின்ற சிவலிங்கம் அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

அதற்குள் றொய்ஸ்டன் வளவின் கோடிக்குப் போய்விட்டார். அங்கே பூவரச மரத்தடியில் ஒரு பழைய தோணி கவிழ்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஒரு இடம் மட்டும் வெள்ளையாக, உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது. இவர் அதில் கையை வைத்தார்.

"இதில ஆர் தட்டினது அக்கா?"

"நான்தான்."

பிறகு சொன்னார். அவருடைய புருஷன் நல்லதம்பி இப்படி ஒரு மார்கழிப் புகாரில் போனவர். பல வருடமாகிவிட்டது. ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. தோணி மட்டும் அடுத்த நாள் தனியாக வந்து இந்தத் துறையில், தன் இடத்திலேயே நின்றதாம். அதனால் செத்த வீடு செய்யவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. "புகார் விழுந்தாத் தட்டுவன். சத்தம் கேட்டா கரை எந்தப் பக்கம் எண்டு விளங்கும்தானே."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வந்த உடனே கொடுங்கள் என்று சொன்ன என் வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சுக்கங்க அக்கா. தெரியாமச் சொல்லிட்டன்."

"ஏன் மனே? இத்தின வருசத்துல அவருக்கெண்டு ஒண்டு கொண்டு வந்தது நீங்க மட்டுந்தான். மத்த ஆக்கள் எல்லாம் அவருக்கு இனி என்னத்துக்கு எண்டு இருக்காங்க."

நான் அழுதுவிட்டேன். என் செபத்துக்கு ஒரே பின்னேரத்தில் பதில் வந்தது. இந்த மனுசி எத்தனை மார்கழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்! ஆண்டவரே, இது என்ன கணக்கு என்று அந்த இடத்திலேயே கேட்டேன். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விடை கிடைத்தது என்று சொன்னால் அது பொய்.

றொய்ஸ்டன்தான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நான் கேட்டது இந்தப் பக்கத்தில இல்ல. தண்ணி ஓடுற பக்கம் பார்த்தா எனக்கு இடது கைப்பக்கம். படுவான்கரைப் பக்கம்."

"அண்டைக்கு எனக்குக் கை ஏலாமப் போச்சு. மத்தியானம் ரெண்டு மணியோட நிப்பாட்டிட்டு உள்ளுக்கு வந்து படுத்திட்டன்."

"நான் பொழுது சாயப்போற நேரம் வரைக்கும் கேட்டன்."

பூமணி அக்கா எழும்பி வந்தார். "எந்தப் பக்கம் எண்டீங்க?" என்று திரும்பக் கேட்டார். இவர் கையைக் காட்டினார். "எப்பிடித் தட்டினது?" இவர் தோணியில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று.

அந்த மனுசியின் முகம் மாறினதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"நான் இப்பிடித் தட்டுறல்ல. நான் ஒண்டு ஒண்டாத்தான் தட்டுறன்" என்றார். "மூண்டு மூண்டாத் தட்டுறது அவர்."

காற்று இல்லை. பூவரச இலை ஒன்றும் அசையவில்லை. சிவலிங்கம் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இத்தின வருசமாக் கூப்பிட்டன்" என்றார் பூமணி அக்கா. "ஒரு ஆள் வந்திச்சு. என்ட ஆள் இல்ல. ஆனா ஒரு ஆள் வந்திச்சுத்தானே. அவர் கேட்டிருக்கார் மனே. கேட்டுத்தான் தட்டியிருக்கார்."

உள்ளே போய், கேக்கில் ஒரு துண்டைத் தான் தின்றார். மற்றத் துண்டைச் சிரட்டையில் வைத்து, கவிழ்ந்த தோணியின் மேல் வைத்தார். பீங்கானைக் கழுவித் துடைத்தார். "வெறுமையாத் தரப்படாது" என்று சொல்லி அதில் ஒன்றை வைத்து, றொய்ஸ்டனின் கையில் கொடுத்தார். பூமணி அக்கா தட்டுகிற கட்டை. பிடித்துப் பிடித்து நடு மெலிந்திருந்தது.

"எனக்கு இனி வேணாம். கூப்பிட்டது கேட்டுட்டுது. மறுகா ஆராவது தவறிப் போனா, நீங்க தட்டுங்க."

வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் தலையைச் சாய்த்துக் கேட்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தின்போது பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தவர்கள் வந்து உதவுவார்கள் என்று நம்பலாமா என்று கேட்டேன். "நீ ஆண்டவரிடம் ஆள் கேட்டாய். அவர் யாரை அனுப்பினார் என்று ஆராய்வது உன் வேலையா? நன்றி சொன்னாய்தானே, போ" என்றார்.

அன்பானவர்களே, நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் தெரியும். கேட்டேன், ஆண்டவர் அனுப்பினார். இப்போது புகார் விழுந்தால் நானும் றொய்ஸ்டனும் ஆற்றங்கரைக்குப் போகிறோம். அவர் அந்தக் கட்டையால் தட்டுகிறார், நான் செபமாலை சொல்கிறேன். அயலவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் வந்து கூட நிற்கிறார்கள்.

நீங்களும் கேளுங்கள், கூசாமல் கேளுங்கள். உதவி வந்தால் வாயால் மட்டும் நன்றி சொல்லி விட்டுவிடாதீர்கள். கையால் ஏதாவது செய்யுங்கள். ஒரு பிடி அரிசிமாவில் செய்தாலும் போதும். யாருக்கென்று தெரியாவிட்டாலும் ஒரு பீங்கான் கூடுதலாக எடுத்து வையுங்கள். அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தக் கிறிஸ்மசுக்கு மறுபடியும் தேத்தாத்தீவுக்குப் போனேன். பூமணி அக்காவின் நெற்றியில் பொட்டு அப்படியே இருக்கிறது. கேக்கில் இரண்டு துண்டு கொடுத்தேன். சிரட்டை தோணியின் மேல் தயாராக இருந்தது. நாங்கள் பேசி முடித்து எழும்பும்போது அது வெறுமையாக இருந்தது. காகம் வந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, "அண்ணன், நன்றி" என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.